ஒருவழிச் செய்தி

பெங்களூரு நாளிதழ்களின் இரங்கல் விளம்பரங்களில் அவ்வப்போது ஒரு வெள்ளைச் சீருடைப் படம் தென்படும். தோளில் தங்கப்பட்டி, மார்பில் பதக்க நாடாக்கள், முப்பது வருடத்துக்கு முந்தைய முகம். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘ஓய்வு’ என்றிருக்கும். கீழே குடும்பத்தார் எழுதிய இரண்டு வரியில் பெரும்பாலும் இரண்டு செய்திகள்: கடற்படைக்கே வாழ்க்கையைக் கொடுத்த அதிகாரி, பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருந்த அப்பா. நடுவில் ஒரு காற்புள்ளி. படிப்பவர் அதைத் தாண்டி அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார். அந்த வீட்டில் வளர்ந்தவர்களால் அவ்வளவு சுலபமாகத் தாண்ட முடியாது. கடற்படையும் பிள்ளைகளும் ஒரே மனிதரின் நாட்களுக்காக முப்பது வருடம் மல்லுக்கட்டியதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

இந்த மல்லுக்கட்டின் கடைசிக் காட்சிகள் பல நடப்பது சந்தாபுரா மாதிரி இடங்களில். கடலுக்கும் சந்தாபுராவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கிழக்கே சென்னை, மேற்கே மங்களூரு, எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். ஊர் நிற்பது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில். ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா தொழிற்பேட்டை எல்லாம் கடந்ததும் ஆனேக்கல்லுக்குத் திரும்பும் முனை. நேரே போனால் அத்திப்பள்ளி, அதைத் தாண்டினால் தமிழ்நாடு. நீர்நிலை என்று சொல்லிக்கொள்ள இருப்பது ஏரி ஒன்று. அதைக் கழிவிலிருந்து காப்பாற்றத் தவறியதற்காக 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் விதித்தது. கப்பலில் வாழ்ந்தவர்கள் இங்கே எதற்கு வருகிறார்கள்? எலக்ட்ரானிக் சிட்டியில் மகனுக்கோ மகளுக்கோ வேலை. அதுதான் காரணம். கடலோரத்தில் வீடு வாங்க ஆசைப்பட்டவர்கள்கூடக் கடைசியில் பேரன் பள்ளிப் பேருந்து ஏறும் இடத்துக்குப் பக்கத்தில்தான் வாங்குகிறார்கள்.

அப்படி ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் மரக் கேடயங்கள். வேலை பார்த்த ஒவ்வொரு கப்பலின் சின்னமும் அதில் இருக்கும். விருந்தாளி பார்க்க வேண்டியது அதைத்தான் என்று அப்பா நினைப்பார். உண்மையில் பார்க்க வேண்டியது பரணில் கிடக்கும் கறுப்பு டிரங்குப் பெட்டியை. அதன் மூடியில் வெள்ளைப் பெயிண்டில் பெயர், பதவி, ஊர். ஒவ்வொரு மாற்றலுக்கும் பழைய ஊரைக் கறுப்பால் அடித்துவிட்டுப் புது ஊரை எழுதியிருப்பார்கள். சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் அடித்த எழுத்துகள் மேடு மேடாக இன்னும் தெரியும்: கொச்சி, விசாகப்பட்டினம், மும்பை, போர்ட் பிளேர், மறுபடி விசாகப்பட்டினம். பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ்களைத் தேதிவாரியாக அடுக்கினாலும் இதே வரிசைதான் வரும்.

இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு ஊர். கேந்திரிய வித்யாலயாவிலோ கடற்படைப் பள்ளியிலோ படிப்பு, வகுப்பில் இந்தி, நண்பர்களோடு ஆங்கிலம், அம்மாவோடு மட்டும் தமிழ். அந்தத் தமிழும் பேசத்தான், படிக்க வராது. திருநெல்வேலியிலிருந்து ஆச்சி எழுதிய கடிதத்தை அம்மா உரக்கப் படித்துக் காட்டினால்தான் உண்டு. அப்பாவின் கடிதம் ஆங்கிலத்தில் வரும். பிள்ளைகளே படித்துக்கொள்ளட்டும் என்பதற்காக.

கப்பலில் இருப்பவருக்கு எழுதும் கடிதத்தில் ஊர் பெயர் எழுதிப் பயனில்லை. கப்பலின் பெயரை எழுதி ‘ஃப்ளீட் மெயில் ஆபீஸ்’ என்று முகவரியிட வேண்டும். கப்பல் எங்கே போகிறதோ அங்கே மூட்டை துரத்திக்கொண்டு போகும். ஒரு துறைமுகத்தில் தவறவிட்டால் அடுத்ததில். ஏழாவது கடிதம் ஐந்தாவதை முந்திக்கொண்டு கைக்கு வரும் என்பதால் பல குடும்பங்கள் கடிதங்களுக்கு எண் போட்டன. மகனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்ற செய்தி முதலில் கிடைக்கும், காய்ச்சல் வந்த செய்தி மூன்று வாரம் கழித்து வரும். கவலைப்படுவதற்கும் ஒரு முறைவரிசை வேண்டியிருந்தது.

இந்தக் கவலைக்குப் போரிலும் ஒரு பயன் உண்டு என்று காட்டியவர் ஒரு நாகர்கோவில்காரர். வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், 1919இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பாரசீக வளைகுடாவில் காட்டிய துணிவுக்காக இளம் வயதிலேயே பிரிட்டனின் டி.எஸ்.சி. பதக்கம் பெற்றவர். 1971 பாகிஸ்தான் போரின்போது விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைக்குத் தலைவர். அவர் கையில் இருந்த பெரிய ஆயுதம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த். அதன் கொதிகலன்களில் ஒன்று பழுது, முழு வேகத்தில் ஓட முடியாது. அதை மூழ்கடிக்கவென்றே பாகிஸ்தானின் நீர்மூழ்கி காஸி, நவம்பர் நடுவில் கராச்சியிலிருந்து கிளம்பி இலங்கையைச் சுற்றிக்கொண்டு வங்கக் கடலுக்குள் நுழைந்திருந்தது.

கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்துவைத்துவிட்டு, அது விசாகப்பட்டினத்துக்கு அருகிலேயே இருப்பதுபோல் ஒரு நாடகம் போட்டார். ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே அனுப்பி, விக்ராந்த் அளவுக்கு வானொலியில் சளசளவென்று பேசச் சொன்னார். பெரிய கப்பலுக்குத் தேவைப்படும் அளவில் இறைச்சியும் காய்கறியும் வேண்டுமென்று ஊர் வியாபாரிகளிடம் ஆர்டர் போனது. இவை எல்லாம் எந்தத் தளபதிக்கும் தோன்றக்கூடியவை. கூடவே இன்னொன்றும் செய்தார். விக்ராந்தின் மாலுமி ஒருவர் அனுப்பியதாக, சங்கேதம் எதுவும் இல்லாமல், ஒரு சொந்தத் தந்தி. கடுமையான நோயில் கிடக்கும் தன் அம்மாவுக்கு இப்போது எப்படியிருக்கிறது என்று அந்த மாலுமி விசாரிப்பதாக அமைந்திருந்தது அது. ஒட்டுக்கேட்பவன் நம்பட்டும் என்று வேண்டுமென்றே விட்ட ஓட்டை. கிருஷ்ணனே பின்னால் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி வெடித்து மூழ்கியது. ராஜ்புத் வீசிய ஆழ்குண்டுகளால் என்பது இந்தியாவின் கூற்று. தானே விதைத்த கண்ணிவெடியாலோ உள்ளே நடந்த விபத்தாலோ என்பது பாகிஸ்தானின் கூற்று. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. 90க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அவர்களிலும் கராச்சியில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர்கள் இருந்திருப்பார்கள். காஸி அந்தத் தந்தியால்தான் ஏமாந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் எதை எழுதினால் எதிரி நம்புவான் என்று யோசித்த கிருஷ்ணனுக்கு அம்மாவின் நோய் தோன்றியதே, அதைக் கவனிக்க வேண்டும். பல வருடம் கப்பலில் வாழ்ந்தவருக்குத் தெரியும், ரகசியக் கட்டுப்பாடு எங்கே உடையும் என்று. கடலில் இருப்பவன் வாயைத் திறந்தால் அது வீட்டைப் பற்றிக் கேட்கத்தான்.

அந்த டிசம்பர் 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணாகதிப் பத்திரம் கையெழுத்தான படத்தில், உட்கார்ந்திருக்கும் தளபதிகளுக்குப் பின்னால் நிற்பவர்களில் ஒருவர் கிருஷ்ணன். 1982இல் மறைந்தார். அவருடைய தன்வரலாறு ‘எ செய்லர்ஸ் ஸ்டோரி’ பல ஆண்டுகள் கழித்துப் புத்தகமானது, மகன் அர்ஜுன் கிருஷ்ணன் பதிப்பித்து. அப்பா கடலில் கழித்த வருடங்களை மகன் வரிவரியாகத் திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறார். வீட்டில் இல்லாத நாட்களில் அப்பா எங்கே இருந்தார் என்பதை இதைவிட நெருங்கிப் படிக்கும் வாய்ப்பு எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கும்?

கராச்சி பக்கம் அதே போரில் இன்னொரு தமிழ்நாட்டுக்காரர் இருந்தார். மதுரையில் 1926இல் பிறந்த கே.பி.கோபால் ராவ், கில்தான் கப்பலின் தலைவர். டிசம்பர் 4 இரவு ஏவுகணைப் படகுகளோடு கராச்சியை நெருங்கித் தாக்கிய அந்த நடவடிக்கையின் நினைவாகத்தான் ஆண்டுதோறும் அந்த நாளைக் கடற்படை தினமாகக் கொண்டாடுகிறார்கள். அவருக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. 94 வயது வரை இருந்து 2021 ஆகஸ்டில் சென்னையில் காலமானார்.

கோபால் ராவுக்குக் கிடைத்த அந்த ஐம்பது வருடம் கேப்டன் மகேந்திரநாத் முல்லாவுக்குக் கிடைக்கவில்லை. கோரக்பூரில் பிறந்தவர், குக்ரி போர்க்கப்பலின் தலைவர், வயது 45, பெண் பிள்ளைகளின் அப்பா. டிசம்பர் 9 இரவு தியூ கரைக்கு அப்பால் ஹாங்கோர் என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கியின் டார்பிடோ குக்ரியைத் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கிவிட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். பிழைத்தவர்கள் சொன்னது இதுதான்: முல்லா தன் உயிர்காப்பு அங்கியை ஒரு மாலுமியிடம் கொடுத்தார், அருகில் இருந்தவர்களைக் கடலில் குதிக்கச் சொல்லித் தள்ளிவிட்டார், தான் மேல்தளத்தில் தன் நாற்காலியிலேயே இருந்துவிட்டார். இறப்புக்குப் பின் அவருக்கும் மகாவீர் சக்கரம். தியூவில் கடலைப் பார்த்த மேட்டில் கண்ணாடிக்குள் குக்ரியின் சிறு உருவம் வைத்து நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். அதே பெயரில் பிறகு வந்த கப்பலும் 2021இல் பணி முடித்து இப்போது தியூவில்தான் காட்சிக்கு நிற்கிறது.

முல்லாவைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு வார்த்தை சேர்ப்பார்கள், மாலுமிகளுக்கெல்லாம் தந்தையாக இருந்தார் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியம் வீட்டில் காத்திருந்த மகளின் பக்கத்தில் நின்று எழுதப்பட்டதல்ல. அங்கியை வாங்கிக்கொண்டவன் யாரோ ஒருவரின் மகன். அதைக் கொடுத்தவருக்கும் மகள்கள் இருந்தார்கள். கப்பலோடு தலைவனும் போவது எந்தச் சட்டத்திலும் இல்லை, பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து வந்த வழக்கம் அது. கடைசி ஆள் இறங்கும்வரை இறங்கக்கூடாது என்பது கடமை. இறங்கவே கூடாது என்பது கடமையில் சேராது. அந்த இருட்டில் முல்லாவுக்கு இரண்டுக்கும் இடைவெளி இருந்ததா என்று கரையில் இருப்பவர்கள் தீர்ப்புச் சொல்வதற்கில்லை. அவருடைய மகள் அமீதா முல்லா வத்தல் டெல்லி ஸ்பிரிங்டேல்ஸ் பள்ளியின் முதல்வராகப் பல வருடம் இருந்தவர், நாடறிந்த கல்வியாளர். அப்பாவைப் பற்றிப் பொதுமேடைகளில் பேசியும் இருக்கிறார். 194 குடும்பங்களில் பேச மேடை கிடைத்தது மிகச் சிலருக்கு.

குக்ரி எப்படிச் சிக்கியது என்பது தனிக் கதை. கடலுக்குள் ரேடார் வேலை செய்யாது, ஒலிதான் கண். தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும், காற்றில் ஓடுவதைவிட நாலு மடங்குக்கும் மேல். ஆனால் நேராக ஓடாது. மேல்மட்டத் தண்ணீர் சூடாகவும் கீழே குளிர்ந்தும் இருந்தால் ஒலி வளைந்து கீழே போய்விடும். வடக்கு அட்லாண்டிக்கின் குளிருக்காகப் பிரிட்டன் செய்த சோனார் கருவிகள் நம்முடைய வெதுவெதுப்பான கடலில் பாதிக் காது கேட்காத நிலையில் இருந்தன, வெயில் ஏறிய பிற்பகலில் இன்னும் மோசம். குக்ரியில் அந்தக் கருவியின் கேட்கும் திறனைக் கூட்ட லெப்டினன்ட் வி.கே.ஜெயின் என்ற இளம் அதிகாரி ஒரு சோதனை நடத்திக்கொண்டிருந்தார். கப்பல் மெதுவாகப் போனால்தான் அவர் கருவி நன்றாகக் கேட்கும். மெதுவாகப் போகும் கப்பல் நீர்மூழ்கிக்கு நல்ல இலக்கு. ஜெயினும் திரும்பி வரவில்லை.

இதன் தொடர்ச்சி கொச்சியிலும் பெங்களூருவிலும் நடந்தது, அதை நடத்தியவர் பொள்ளாச்சிக்காரர். ஆரோக்கியசாமி பால்ராஜ், 1944இல் பிறந்தவர். பதினைந்து வயதில் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குத் தேர்வாகிக் கடற்படைக்குப் போனவர். ஐஐடி டெல்லியில் முனைவர் பட்டம் பெற்றார். குக்ரிக்குப் பிறகு, பிரிட்டிஷ் சோனார் 170பியின் காதைத் தீட்டும் வேலை அவர் மேசைக்கு வந்தது. அடுத்து, கொச்சியில் கடற்படைக்கான ஆய்வுக்கூடத்தில் 1977 முதல் 1983 வரை ‘அப்ஸோ’ என்ற இந்தியாவின் சொந்த சோனாரை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை. அதைத் தயாரித்தது பெங்களூருவின் பாரத் எலக்ட்ரானிக்ஸ். அதே ஊரில் செயற்கை நுண்ணறிவு, ரோபோ ஆய்வுக்கான மத்திய மையத்தின் தொடக்க இயக்குநராகவும் அவர் இருந்தார். கமடோராக ஓய்வு பெற்று ஸ்டான்ஃபோர்ட் போனார். பல ஆன்டெனாக்களால் ஒரே நேரத்தில் அனுப்பியும் பெற்றும் தகவல் வேகத்தைப் பெருக்கும் ‘மைமோ’ என்ற அவர் கண்டுபிடிப்பு இன்று பெரும்பாலான ஸ்மார்ட்போன்களுக்குள்ளும் வைஃபை பெட்டிகளுக்குள்ளும் இருக்கிறது. 2014இல் மார்கோனி பரிசு.

சந்தாபுராவில் ஒரு தாத்தா அமெரிக்காவில் இருக்கும் பேத்தியோடு வீடியோ அழைப்பில் பேசும்போது, இடையில் ஒரு கடற்படைக்காரர் இருக்கிறார் என்று அர்த்தம். கடலடியில் எதிரியைக் கேட்கப் பழகிய கணக்குகளின் நெருங்கிய உறவுதான் அந்த ஆன்டெனாக் கணக்கும்.

ஆனால் கடலின் அடியில் இருப்பவனோடு வீட்டார் பேசுவது இன்றும் நடக்காத காரியம். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்று ஒரு கடற்படை நிலையம் இருக்கிறது. 1990இல் குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன் தொடங்கிவைத்தது. நாங்குநேரிப் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் அதன் கோபுரங்களைத் தொலைவிலிருந்து பார்க்கலாம், நாட்டின் மிக உயரமான கட்டுமானங்களில் சேர்த்தி. மிகத் தாழ்ந்த அலைவரிசை ரேடியோ மட்டும்தான் உப்புத் தண்ணீருக்குள் சில மீட்டர் இறங்கும். அதை அனுப்ப இவ்வளவு பெரிய கோபுரங்கள் வேண்டும். நீர்மூழ்கிக்குள் அப்படி ஒரு கோபுரத்தை நட முடியாது. ஆகவே கரை பேசும், அடியில் இருப்பவன் கேட்பான். பதில் கிடையாது. பதில் சொன்னால் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

பிரிட்டனின் அணு நீர்மூழ்கிகளில் இதற்கு ஒரு குடும்ப ஏற்பாடு உண்டு. மாதக்கணக்கில் அடியில் இருப்பவருக்கு வீட்டிலிருந்து வாரம் ஒரு சிறு செய்தி. ஆரம்பத்தில் 40 சொற்கள், பின்னாளில் 120 ஆனது. அதிகாரிகள் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். கெட்ட செய்தி சேர்க்கக்கூடாது. வீட்டில் யாராவது இறந்தால் நடுவில் தெரிவிக்க வேண்டுமா, கரைக்கு வந்த பின் சொன்னால் போதுமா என்று புறப்படும் முன்பே மாலுமியிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வார்கள். குழந்தை முதல் அடி எடுத்துவைத்ததை அந்தச் சொல் கணக்குக்குள் எழுதி அனுப்பும் ஒரு தாயை நினைத்துப் பார்க்கலாம். அப்பா படித்தாரா, சிரித்தாரா, ஒன்றும் தெரியாது. அடுத்த வாரமும் எழுத வேண்டும்.

கைப்பேசிக் காலத்தில் எல்லாம் மாறிவிட்டது என்பார்கள். மேற்பரப்புக் கப்பல்களில் ஓரளவுக்கு மாறித்தான் இருந்தது. 2019 கடைசியில், சில மாலுமிகள் சமூக ஊடகத் தொடர்புகள் வழியே பாகிஸ்தான் உளவு வலையில் விழுந்த வழக்கு வெளிவந்ததும், போர்க்கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் ஃபேஸ்புக்குக்கும் இந்தியக் கடற்படை தடை போட்டது. பேச்சுத் துணைக்கு ஏங்கும் மாலுமியின் பலவீனம் கிருஷ்ணன் காலத்தில் எதிரிக்கு வைத்த வலை. அரை நூற்றாண்டு கழித்து நம் ஆட்களுக்கு விரித்த வலையும் அதுதான்.

நெய்தல் நிலத்துக்கு உரியது இரங்கல் என்று தமிழ் இலக்கணம் பழங்காலத்திலேயே எழுதி வைத்துவிட்டது. அந்தப் பாடல்களில் கடலோரம் காத்திருப்பவள் பெரும்பாலும் காதலி. அவளுக்குக் கேஸ் சிலிண்டர் புக் செய்ய வேண்டிய வேலையில்லை. கடற்படைக் குடியிருப்பில் காத்திருப்பவளுக்கு உண்டு. மின்கட்டணம், பள்ளிச் சேர்க்கை, மாமனாரின் மருத்துவமனைச் செலவு, வீடு மாற்றம், பெரியவனின் கணக்கு மார்க் எல்லாம் அவள் தலையில். நல்ல கடற்படை அப்பாக்கள் பலரின் பின்னால் அவர்களை நல்ல அப்பாவாகக் கட்டிக் கொடுத்த ஒரு மனைவி இருக்கிறார். ‘அப்பா இருந்திருந்தா இப்ப என்ன சொல்லியிருப்பார் தெரியுமா’ என்று அவர் சொன்னதில் பாதி அவரே இட்டுக்கட்டியது. பிள்ளைகள் அப்பா சொன்னதாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். இரங்கல் விளம்பரத்தில் இதற்கு வரி ஒதுக்குவதில்லை.

அப்பா திரும்பி வந்து வீட்டில் தங்கும் முதல் வாரம் இதைவிடச் சிக்கல். கப்பலில் எல்லாம் மணியடித்து நடக்கும். வீட்டிலோ அவர் இல்லாமலே ஓடப் பழகிய இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ஷூ எங்கே வைப்பது, எத்தனை மணிக்குத் தூங்குவது என்று அவர் உத்தரவு போடத் தொடங்கும்போது, சின்னவள் அம்மாவின் முகத்தைப் பார்த்து அனுமதி வாங்கிக்கொண்டுதான் கீழ்ப்படிவாள். அந்தப் பார்வையைப் பல அதிகாரிகள் கவனித்திருக்கிறார்கள். கோபப்பட்டவர்கள் உண்டு. புத்திசாலிகள் மறுநாள் காலை அடுப்படிக்குப் போய்த் தோசை வார்க்க ஆரம்பித்தார்கள்.

பிறகு ஐம்பதுகளின் நடுவில் ஓய்வு. இனி எல்லா நாளும் வீட்டில்தான் என்று அப்பா கரையேறும்போது பிள்ளைகளுக்கு இருபத்துச் சொச்சம் வயது. அவர்கள் கிளம்பும் நேரம் அது. எலக்ட்ரானிக் சிட்டி, சிங்கப்பூர், டெக்சாஸ். இந்த முறை கடிதத்துக்கு எண் போட்டுக் காத்திருப்பது அப்பா. சந்தாபுரா அடுக்ககங்களின் காலை நடைப்பாதையில் பேரனின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறைப்பாக நடக்கும் முன்னாள் அதிகாரிகளைப் பார்க்கலாம். மகனுக்குக் கொடுக்க முடியாத பள்ளிக் காலைகளைப் பேரனுக்குக் கொடுக்கிறார் என்று அக்கம்பக்கம் நெகிழும். மகன் அவ்வளவாக நெகிழ்வதில்லை. தனக்குக் கிடைக்காத ஒருவர் தன் பிள்ளைக்குக் கிடைப்பதைப் பார்ப்பதில் சந்தோஷத்தோடு கொஞ்சம் பொறாமையும் இருக்கும். அதில் தப்பென்ன?

இப்போது இன்னொரு திருப்பம். 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவிலிருந்து தாரிணி என்ற பாய்மரப் படகில் இரண்டு பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். ஒருவர் கோழிக்கோட்டின் தில்னா, மற்றவர் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி, இருவரும் லெப்டினன்ட் கமாண்டர்கள். எட்டு மாதத்தில் 25,000 கடல்மைலுக்கு மேல் ஓடி, ஹார்ன் முனையைச் சுற்றி, 2025 மே 29இல் திரும்பினார்கள். தில்னாவின் தந்தை ராணுவத்தில் இருந்தவர், ரூபாவின் தந்தை விமானப்படையில். சீருடை அணிந்த அப்பாவின் வீட்டில் வளர்ந்த பெண்கள், அப்பாக்கள் போகாத தொலைவுக்குப் போய்வந்திருக்கிறார்கள். பெண்கள் போர்க்கப்பல்களில் பணியாற்றுவது இன்று சாதாரணம். 2022 முதல் அக்னிவீர் திட்டத்தில் மாலுமிகளாகவும் சேர்கிறார்கள். கடற்படை அம்மா என்ற ஒருவர் வந்துவிட்டார், அவர் கடலில் இருக்கும்போது கேஸ் புக் செய்ய வேண்டியவர் அப்பா.

விதிகள் இதற்குப் பாதி தயாராகியிருக்கின்றன. 2023 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் பெண் மாலுமிகளுக்கும் அதிகாரிகளுக்கு உள்ள அதே விடுப்பு என்று உத்தரவிட்டது: பேறுகாலத்துக்கு முழுச் சம்பளத்தோடு 180 நாள், பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்துக் குழந்தை பராமரிப்புக்கு 360 நாள். அப்பாவானவருக்கு 15 நாள். குழந்தை பிறக்கும்போது கப்பல் கடலில் இருந்தால் பரவாயில்லை, ஆறு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம்.